இருபத்து மூன்றாவது ஆள்

அபிராமபுரம், சென்னை
3-7-1970

அன்புள்ள அத்தான்,

நானும் நீரஜாவும் இங்கே சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்திலும் கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை. கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் இருமல் வராமல் என்ன செய்யும்?

தலைவர் காலமாகி நாற்பது நாள் ஆகப்போகிறது. சட்டமன்றத்தில் அவர் இடத்துக்கு இன்னும் ஆள் இல்லை. நம் கட்சி உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேரும் இதுவரை மூன்று தடவை கூடினோம், மூன்று தடவையும் சண்டை போட்டுக்கொண்டு கலைந்தோம். தனபாலனுக்குப் பதினோரு பேர், சிதம்பரநாதனுக்குப் பதினோரு பேர். மிச்சம் இருக்கிற ஒரே ஆள் நான்தான்.

தி. நகர் கட்சி ஆபீசுக்குச் சிதம்பரநாதன் ஆட்கள் ஒரு பூட்டுப் போட்டார்கள். மறுநாள் தனபாலன் ஆட்கள் வந்து அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆபீஸ் டைப்பிஸ்ட் தன் டிபன் கேரியரை உள்ளே வைத்துவிட்டு இரண்டு கோஷ்டியிடமும் கெஞ்சிக்கொண்டு திரிகிறார். அடுத்த கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப்போகிறார்களாம்.

இங்கே தினமும் யாராவது வருகிறார்கள். தனபாலன் தன் வீட்டம்மாளிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். சிதம்பரநாதன் நேரிலேயே வந்து, "தங்கச்சி, நம்ம பக்கத்து ஆளுக நாம ஒண்ணா நிக்காண்டாமா?" என்று நம் ஊர்ப் பேச்சில் உருகினார். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமி பங்கஜம் நேற்று கேட்டேவிட்டாள்: "என்னம்மா இது, உங்காத்து வாசல்ல தெனம் ரெண்டு கார் வந்து நிக்கறது? நீரஜாவைப் பொண்ணு பார்க்க வராளா?" ஆட்டோக்காரர்கூட விடவில்லை. "இன்னாம்மா, உங்க கட்சிக்குத் தலைவரு கெடச்சாரா, இல்ல இன்னும் தேடிக்கினே கீறீங்களா?" என்றார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் பெரிய நம்பிக்கை இல்லை. யாருக்குக் கை தூக்கட்டும்? உங்களைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. எழுதுங்கள்.

உங்கள்
இசக்கி


கோவில்பட்டி
6-7-1970

அன்புள்ள இசக்கிக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் தேவலாம்.

யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசு, காப்பி கொடு, அனுப்பிவிடு. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல். மாவட்டச் செயலாளர் என்ற முறையில் இரண்டு பேரும் என்னோடும் டிரங்க் காலில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருபத்தைந்து வருடமாக இந்தக் கட்சியில் இருக்கிறேன். யார் எப்போது எந்தப் பக்கம் சாய்வான் என்று எனக்குத் தெரியும். நம் தொகுதிக்கு இப்படி ஒரு மரியாதை இதுவரை வந்ததில்லை. அதை அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன லெட்டர்பேடு தாள்களில் நாலுதான் மிச்சம். பள்ளிக்கூட இடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலைக்கு என்று சிபாரிசுக் கடிதம் கேட்டுக் கடை வாசலில் ஆட்கள் காலையிலிருந்தே நிற்கிறார்கள். ஒவ்வொன்றையும் உனக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமில்லை. இன்னும் இருபது தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவை.

நீரஜா படிப்பில் கவனமாக இருக்கட்டும்.

அன்புடன்
சண்முகசுந்தரம்


அபிராமபுரம்
14-7-1970

அன்புள்ள அத்தான்,

நீங்கள் கேட்ட இருபது தாளும் இத்துடன் இருக்கிறது. கை வலித்துப்போய்விட்டது. கடைசி நாலைந்தில் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதப்போவதைப் படித்துச் சிரிக்கக் கூடாது.

நேற்று மாநிலத் தலைவர் என்னை மயிலாப்பூரில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். போனால், தனபாலனும் சிதம்பரநாதனும் ஆளுக்கொரு நாற்காலியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் கட்சியை உடைச்சுக்கிட்டுப் போயிடுவார். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற ஆள் ஒருத்தர்தான் இருக்காங்க. நீங்க தலைமையை ஏத்துக்கணும்மா" என்றார்.

நான் என்னைச் சொல்கிறார் என்றே நினைக்கவில்லை, அத்தான். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சிதம்பரநாதன் சிரித்துவிட்டார்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "போன வருஷம் நூல் விலையைப் பத்திப் பேசினீங்களே, மந்திரி பதில் சொல்ல முடியாம உட்கார்ந்தாரே, அது போதும்" என்றார் பெரியவர். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மனதோடு ஆட்டினார்களா என்று கேட்காதீர்கள், ஆட்டினார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததையே சொல்லிவிட்டு வந்தேன்.

மாடவீதி வழியாக நடந்தே வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. குளத்தங்கரையில் பூ வாங்கினேன். எவ்வளவு முழம் என்று பூக்காரம்மா மூன்று தடவை கேட்டாள். நீரஜாவிடம் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "அப்பா என்ன சொல்வாங்கம்மா?" என்று கேட்டாள். "எனக்கு முன்னாடி அவங்கதான் சந்தோஷப்படுவாங்க" என்றேன்.

பயமாகவும் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள்
இசக்கி


கோவில்பட்டி
18-7-1970

அன்புள்ள இசக்கிக்கு,

கடிதமும் தாள்களும் வந்தன.

பெரியவர் சொன்னதை யோசித்தேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் உட்கார்ந்து தலைமை பார்ப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் உன்னைக் கிழித்துவிடுவார்கள். டாக்டர் உன் ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? நீரஜாவுக்குத் தையில் முடித்துவிடலாம் என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் பேசுகிறார்கள். அம்மா கட்சித் தலைவர், கூட்டம் கூட்டமாக ஆண்களோடு ஊர் ஊராகப் போகிறவள் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

1967-ல் இந்தத் தொகுதியைப் பெண் வேட்பாளருக்குத்தான் தருவோம் என்று கட்சி சொன்னபோது உன்னை நிறுத்தி ஜெயிக்க வைத்தவன் நான். அப்போதும் நீ எனக்கென்ன தெரியும் என்றுதான் சொன்னாய். உனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று எனக்குத் தெரியாதா?

முடிவை என்னிடம் விட்டுவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் எதுவும் பேச வேண்டாம்.

அன்புடன்
சண்முகசுந்தரம்


அபிராமபுரம்
21-7-1970

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் எனக்காகக் கவலைப்படுகிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இது வேண்டும் என்று உங்களிடம் நான் கேட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. சேலை எடுத்தாலும் நீங்கள் கடையில் எதைக் கொடுத்தீர்களோ அதைத்தான் கட்டினேன். தேர்தலில் நின்றதும் நீங்கள் சொன்னதால்தான். வாசல் வாசலாக ஏறி இறங்கினபோது எனக்குக் கால் நடுங்கியது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மூன்று வருடத்தில் நடுக்கம் போய்விட்டது, அத்தான். அது எப்போது போனதென்று எனக்கே தெரியாது. எழுந்து நின்றால் பேச்சு வருகிறது. ஃபைலைப் படித்தால் புரிகிறது. எங்கே பொய் சொல்கிறார்கள் என்றும் புரிகிறது.

எனக்கு இது வேண்டும். எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

நீரஜாவின் வரனுக்கு இதனால் தடை வந்தால் அந்த வீடு நமக்கு வேண்டாம் என்று அவளே சொல்கிறாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

வரும் ஞாயிறு 26-ஆம் தேதி, தி. நகர் கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம். பெரியவர் என் பெயரைச் சொல்வார், இரண்டு பக்கமும் கை தூக்குவார்கள் என்று ஏற்பாடு. மாவட்டச் செயலாளர்களுக்கும் மற்ற நிர்வாகிகளுக்கும் அழைப்பு உண்டு. நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த விரால் மீன் கிடைக்குமா என்று பார்க்கிறேன். மாமி மூக்கைப் பொத்திக்கொள்வாள், பரவாயில்லை.

வருவீர்கள்தானே?

உங்கள்
இசக்கி


தி. நகர் லாட்ஜிலிருந்து
26-7-1970, மாலை

இசக்கிக்கு,

இதை நேரில் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்கு வர எனக்கு முகமில்லை. அப்படி ஆக்கிவிட்டாய்.

இருநூறு பேர் நடுவில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய். மாவட்டச் செயலாளர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீ பேசாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும். உடம்புக்கு முடியவில்லை, குடும்பம் இருக்கிறது என்று ஒரு பெண் ஒதுங்கிக்கொண்டால் யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. நீ எழுந்து பேசுவாய் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை.

தனபாலன் எனக்கு மேல்சபை இடம் தருவதாகச் சொன்னது உண்மைதான். அதில் என்ன தப்பு? ஜெயிலுக்குப் போனவன் நான். கடையைப் பூட்டிவிட்டுத் தெருத் தெருவாகக் கொடி கட்டினவன் நான். இரண்டு தேர்தலில் நின்று தோற்றபோது இந்தக் கட்சியில் ஒருவன் வந்து எனக்கு ஆறுதல் சொன்னதில்லை. நான் உழுது வைத்த நிலத்தில் நீ அறுத்தாய். நம் வீட்டுக்கு ஒரு பதவி என்றால் அது யாருக்கு வந்தால் என்ன என்று நீ நினைத்திருக்க வேண்டாமா?

நாளைக் காலை ரயிலில் ஊருக்குப் போகிறேன். மனம் மாறினால் ஸ்டேஷனுக்கு வா.

சண்முகசுந்தரம்


அபிராமபுரம்
28-7-1970

உங்கள் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அத்தான் என்று எழுதவும் இன்று கை வரவில்லை. அதனால் நேரே ஆரம்பிக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை. நீங்கள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் பின்வரிசையில் தனபாலன் ஆட்களோடு உட்கார்ந்து பார்த்தீர்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை முழுக்க உங்களுக்காகக் காத்திருந்தேன். ரயில் தாமதம் என்று நினைத்தேன், இருமல் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தேன். நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்து, இங்கிருந்து இரண்டு மைல் தூரத்தில் தனபாலன் எடுத்துக் கொடுத்த அறையில் இருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெரியவர் எழுந்ததும் என் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்தார். "நம் சகோதரி இசக்கியம்மாள் எழுதியிருப்பது" என்று சொல்லிப் படித்தார். உடல்நிலையையும் குடும்பச் சூழ்நிலையையும் முன்னிட்டுத் தலைமையை ஏற்க முடியாதாம். என் ஆதரவு தனபாலன் அவர்களுக்கேயாம். படிக்கும்போதே அவர் முகம் வாடிவிட்டது. "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். கோணலான கையெழுத்து. அந்த இருபதில் கடைசித் தாள்களில் ஒன்று.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தால், ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன். நிஜமாகச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்காரத்தான் என் உடம்புக்குத் தெரியும். நீங்கள் நிமிரவில்லை.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார் பெரியவர்.

"கையெழுத்து என்னோடதுதான். ஆனா இதை நான் எழுதலை" என்றேன்.

"இன்னாம்மா இது, கையெழுத்து உன்னுதுன்ற, லெட்டர் உன்னுது இல்லன்ற?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. அப்படியானால் எழுதியது யார் என்று பெரியவர் கேட்டார். "எழுதினவருக்குத் தெரியும்" என்றேன். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி உங்களைப் பார்த்தார்கள் என்றால், தாளில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு நான் யாரிடம் கொடுப்பேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதன்பிறகு நடந்ததற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. தனபாலன், "வீட்டுப் பஞ்சாயத்தை வீட்டுல வச்சிக்கோங்க" என்றார். தங்கச்சி தங்கச்சி என்று உருகிய சிதம்பரநாதன் இதுதான் சமயம் என்று எழுந்து, பழையபடி தானே போட்டியிடுவதாகச் சொன்னார். என் பெயரை இரண்டு பக்கமும் பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார்கள். ரகசியச் சீட்டு, யாருக்கு அதிகமோ அவர் தலைவர் என்று முடிவாயிற்று.

என் சீட்டில் நான் என் பெயரை எழுதினேன். தோற்பேன் என்று தெரிந்தே எழுதினேன். முழுப் பெயரையும் நிதானமாக எழுதினேன்.

முடிவைச் சொல்வதற்குள் நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். அதனால் உங்களுக்கு எண்ணிக்கை சரியாகத் தெரிந்திருக்காது. தனபாலனுக்குப் பதினொன்று. சிதம்பரநாதனுக்குப் பத்து. எனக்கு இரண்டு.

இரண்டு என்று பெரியவர் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அந்த மண்டபத்தில் யாரோ ஒருவர், தன் கோஷ்டியை விட்டு, யாருக்கும் தெரியாமல், எந்தப் பிரயோசனமும் இல்லையென்று தெரிந்தும் என் பெயரை எழுதியிருக்கிறார். சிரித்தவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம். நேற்றுச் சபைக்குப் போனபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

நம் வீட்டுக்கு ஒரு பதவி, யாருக்கு வந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கேள்வியை நீங்கள் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் தோற்ற இடத்தில் நான் ஜெயித்தது உங்களுக்கு இத்தனை நாள் வலித்திருக்கிறது. ஒரு நாளாவது சொல்லியிருந்தால் நான் அடுத்த தேர்தலில் உங்களுக்கு விட்டுக் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் மேல்சபைக்கு நானே போய் நாலு பேரிடம் கெஞ்சியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டீர்கள்.

மீதித் தாள்களை அனுப்ப வேண்டாம், கிழித்துப் போடுங்கள். தொகுதி ஆட்கள் இனி நேராக எனக்கே எழுதட்டும். நீரஜா என்னோடு இருப்பாள்.

அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இசக்கியம்மாள்


கோவில்பட்டி
30-11-1970

அன்புள்ள இசக்கிக்கு,

இது ஐந்தாவது கடிதம். முதல் நாலும் உனக்குச் சேர்ந்திருக்கும் என்று தபாலாபீசில் சொன்னார்கள்.

மேல்சபை இடத்தைத் தனபாலன் ஒரு மில்காரரின் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். பேப்பரில் பார்த்திருப்பாய். சிதம்பரநாதன் தன் ஆட்களோடு தனிக் கட்சி கண்டுவிட்டார். மாவட்ட ஆபீசிலும் இப்போது இரண்டு பலகை தொங்குகிறது. என்னை இரண்டு பக்கமும் கூப்பிடுவதில்லை. தீபாவளிக்கு நீரஜாவுக்கு அனுப்பிய பட்டு திரும்பி வந்துவிட்டது. அவள் கையால்தான் விலாசம் எழுதியிருந்தாள்.

நேற்றுக் கடைக்குக் கனகராஜ் வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர், மகளுக்குக் கண் ஆபரேஷனுக்காக ஆனியில் நம்மிடம் கடிதம் கேட்டு வந்தாரே, அவர்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மொதலாளி, அம்மா கைப்பட எழுதியிருக்காக, பாருங்க" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். ஒன்றரைப் பக்கம். பிள்ளைக்குப் பார்வை தெளிந்துவிட்டதா, வெயிலில் விடாதீர்கள், கட்டுப் பிரித்தபின் மறுபடி ஒருமுறை காட்டுங்கள், முடிந்தால் நான் வரும்போது அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தாய்.

நாலு மாதத்துக்குப் பிறகு உன் எழுத்தைப் பார்த்தேன். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தேன். எப்போது ஊருக்கு வருகிறாய் என்று எங்காவது தேதி போட்டிருக்கிறாயா என்று தேடினேன். கனகராஜ் நின்றுகொண்டே இருந்தார். எதிரில் துணி எடுக்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுங்க மொதலாளி, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார்.

கொடுத்துவிட்டேன்.

சண்முகசுந்தரம்